திறப்புன்னா என்னங்க?

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஒட்டடை படிஞ்சு கிடக்கு. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு வழக்கமான காரணத்தைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம். ஆனா உண்மை அது இல்லை மக்களே. ஒரு விஷயத்தை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சு, எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி... கடைசியில சம்பந்தப்பட்டவர்கிட்டயே போய் அனுமதி கேட்டேன். ரெண்டு நிபந்தனையோட சரின்னார். பேர் போடக்கூடாது, ஊர் போடக்கூடாது. அதனால இந்தப் பதிவு முழுக்க அவர் வெறும் 'ஐயா'தான். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களையும் மாத்தியிருக்கேன்.

இன்னொண்ணும் முன்னாடியே சொல்லிடறேன். இது எனக்குப் பெருமை சேர்க்கிற பதிவு இல்லை.

லண்டன் ஓரமா, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கிற வீடுகள் உள்ள ஒரு தெருவுல மாடி ரூம் ஒண்ணுல வாடகைக்கு இருக்கேன். பக்கத்து வீடு ஐயாவோடது. யாழ்ப்பாணம் பக்கம். எண்பதுகளோட கடைசியில அகதியா வந்தவர். பெட்ரோல் பங்க்ல இருபது வருஷம் ராத்திரி ஷிப்ட் பார்த்து, கடன் கட்டி, அந்த வீட்டைச் சொந்தமாக்கிக்கிட்டவர். மனைவி காலமாகி ஆறு வருஷம் ஆயிருந்தது. பிள்ளைகள் இல்லை. டொராண்டோவுல ஒரு அக்கா மகன், எப்பவாவது போன் பண்ணுவார். அவ்வளவுதான் சொந்தம்.

எங்க பழக்கம் குப்பைத்தொட்டியில ஆரம்பிச்சது. நான் வந்த புதுசுல தப்பான தொட்டியைத் தெருவுல தள்ளி வெச்சுட்டேன். ஐயா வாசல்ல நின்னு, "தம்பி, இந்தக் கிழமை நீலம். பச்சை அடுத்த கிழமை" என்றார். நான் ஙேன்னு முழிச்சேன். "இன்னிக்கு வியாழக்கிழமைதானே ஐயா, அடுத்த கிழமைன்னா வெள்ளியா?" அவர் சிரிச்சுட்டார். அவங்க பேச்சுல கிழமைன்னா வாரம்! திருநெல்வேலிக்காரனுக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கும் நடுவுல கடல் மட்டும் இல்லைன்னு அன்னிக்கே நான் கத்துக்கிட்டிருக்கணும். கத்துக்கலை. அதுக்கான விலையைத்தான் இப்போ எழுதப் போறேன்.

2023 அக்டோபர்ல ஒரு ராத்திரி ஐயாவுக்கு பக்கவாதம் வந்தது. சுவத்துல தட்டற சத்தம் கேட்டு ஓடினேன். கதவு உள்பக்கம் பூட்டலை, நல்ல வேளை. ஆம்புலன்ஸ் வந்தது, தூக்கிட்டுப் போனாங்க. நான் வீட்டைப் பூட்டிட்டு, மறுநாள்ல இருந்து ஆபீஸ் முடிஞ்சு ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பிச்சேன்.

வலது கை வரலை. வலது கால் பாதி வந்தது. பெரிய அடி பேச்சுக்கு. முப்பது வருஷத்துக்கு மேல பேசின இங்கிலீஷ் சுத்தமா போயிடுச்சு. தமிழ்ல மட்டும் நாலஞ்சு வார்த்தை மிச்சம். ரெண்டு மொழி பேசறவங்களுக்கு மூளையில அடிபட்டா இப்படி ஒரு மொழி அதிகமா போய், இன்னொண்ணு கொஞ்சம் தங்குறது உண்டுன்னு பேச்சுப் பயிற்சி தர்றவர் சொன்னார்.

அஞ்சு வாரம் ஓடினதும் ஒரு மீட்டிங். ஐயா ஆஸ்பத்திரியை விட்டு எங்கே போறதுன்னு முடிவு பண்ண. சோஷியல் வொர்க்கர், வீட்டுல எப்படிப் புழங்குவார்னு பார்க்கிற தெரபிஸ்ட், ஒரு நர்ஸ். ஏற்பாடு பண்ணின மொழிபெயர்ப்பாளர் வரலை. போன் வழியா ஒருத்தரைப் பிடிச்சாங்க, லைன் அறுந்து அறுந்து போச்சு. அப்போதான் கதவோரமா நின்ன என்னைப் பார்த்தாங்க. "நீங்க தமிழ்தானே?"

ஆமாங்கன்னு நெஞ்சை நிமித்திக்கிட்டுப் போனேன்.

ஆஸ்பத்திரியை விட்டுப் போனதும் உங்களுக்கு என்ன வேணும்னு கேட்டாங்க. நான் தமிழ்ல கேட்டேன். ஐயா ரொம்ப நேரம் முயற்சி பண்ணி, "திறப்பு" என்றார். இடது கையைக் கதவுப் பக்கம் நீட்டினார். "திறப்பு... திறப்பு..."

நான் சொன்னேன், கதவைத் திறக்கணுமாம், வெளியே போகணுமாம். தெரபிஸ்ட் எழுதிக்கிட்டார். தனியா வெளியே போனா விழுந்துடுவீங்கன்னு அவருக்குப் புரியுதான்னு கேட்டார். நான் கேட்டேன். ஐயாவுக்குக் கோபம் வந்துடுச்சு. போர்வையை இழுத்தார், எழுந்திருக்கப் பார்த்தார். "திறப்பு! திறப்பு!"

அப்போ நான் சொன்ன அடுத்த வாக்கியம் இன்னிக்கு வரைக்கும் என்னை உறுத்துது. "திரும்பத் திரும்ப திறக்கச் சொல்றார். குழம்பிப் போயிருக்கார்னு நினைக்கிறேன்."

என்ன நினைக்கிறேன்னு என்னை யாருமே கேட்கலை. கேட்ட கேள்வி ஐயாவுக்கானது. ஆனா எழுதினது என் பதில். அதோட விட்டேனா? தனியா இருக்கார், மாடிப்படி செங்குத்தா இருக்கு, ஒரு கேர் ஹோம்தான் பாதுகாப்புன்னு ஒரு சொற்பொழிவும் ஆத்தினேன். அக்கறையிலதான் சொன்னேன்னு அப்போ நினைச்சேன். இப்போ யோசிச்சா அதுல பாதி பயம். அவர் வீட்டுக்கு வந்தா ராத்திரி சுவத்துல தட்டறது என் சுவர். ஓட வேண்டியது நான். அந்தப் பொறுப்பு வேணாம்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் கணக்குப் போட்டுக்கிட்டு இருந்திருக்கான்.

கடைசியா சோஷியல் வொர்க்கர் கேட்டார். இந்த முடிவெடுக்கிற வேலையில எல்லாம் ஐயாவுக்குத் துணையா இருந்து உதவ முடியுமா? நான் யோசிக்கவே இல்லை. கண்டிப்பான்னு சொன்னேன்.

அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எடைன்னு எனக்கு அப்போ தெரியாது. கொஞ்சம் சட்டம் பேசறேன், பொறுத்துக்குங்க.

இங்கிலாந்துல 2014ல ஒரு பராமரிப்புச் சட்டம் வந்தது. கேர் ஆக்ட். 2015 ஏப்ரல்ல நடைமுறைக்கு வந்தது. வயசானவங்க, மாற்றுத்திறனாளிகளுக்கு கவுன்சில் எப்படி உதவணும்னு சொல்ற சட்டம். அதுல 67வது பிரிவு சொல்றது இது. ஒருத்தரோட தேவையை மதிப்பிடும்போதும், அவருக்கான திட்டம் போடும்போதும், அதை மறுபடி சரிபார்க்கும்போதும் அவரே அதுல பங்கெடுக்கணும். அப்படிப் பங்கெடுக்க அவருக்குக் கணிசமான சிரமம் இருந்தா, கவுன்சில் அவருக்கு ஒரு சுயேச்சையான அட்வகேட் ஏற்பாடு பண்ணியே ஆகணும். சிரமம்னா நாலு விஷயம் பார்க்கிறாங்க. சொல்ற தகவல் புரியுதா, புரிஞ்சது மனசுல நிக்குதா, அதை வெச்சு எடை போட்டுப் பார்க்க முடியுதா, தன் விருப்பத்தை ஏதாவது ஒரு வழியில வெளிப்படுத்த முடியுதா. இதுல ஒண்ணுல பெரிய சிக்கல் இருந்தாலும் போதும். ஐயாவுக்கு நாலாவது.

அட்வகேட்னதும் கறுப்புக் கோட்டு நினைவுக்கு வந்தா, அது இல்லை. இவங்க வக்கீல் கிடையாது. கோர்ட்டுல வாதாட மாட்டாங்க. ஒருத்தர் பேச வேண்டியதை அவரே பேச உதவறவங்க, அவரால முடியாத இடத்துல அவர் சார்பா பேசறவங்க.

இந்தச் சட்டத்துல ஒரு 'ஆனா' இருக்கு. துணையா இருக்கப் பொருத்தமான ஆள் ஏற்கெனவே ஒருத்தர் இருந்தா, கவுன்சில் பொதுவா அட்வகேட் ஏற்பாடு பண்ண வேண்டியதில்லை. அதாவது, நான் 'கண்டிப்பா'ன்னு சொன்ன அந்த நொடியில, ஐயாவுக்குக் கிடைக்க வேண்டிய ஆளோட நாற்காலியில நான் போய் உட்கார்ந்துட்டேன். நல்லவன் வேஷத்தோட.

நல்ல வேளையா அந்தப் 'பொருத்தமான ஆள்'க்கும் சட்டத்துல நிபந்தனை இருக்கு. காசு வாங்கிக்கிட்டுப் பராமரிக்கிறவரா இருக்கக்கூடாது. தூரத்துல இருந்துக்கிட்டு எப்பவாவது பேசற சொந்தக்காரர் பொதுவா இதுக்குச் சரிவர மாட்டார். அதனால டொராண்டோ கழிஞ்சது. எல்லாத்துக்கும் மேல, சம்மதம் சொல்ற நிலையில இருக்கிறவர்னா அவரே இந்த ஆள் எனக்குச் சரின்னு சொல்லணும்.

அந்த சோஷியல் வொர்க்கருக்கு ஏகப்பட்ட வேலை. கையில இருந்த பைல்களைப் பார்த்தாலே தெரியும். இருந்தாலும் அந்தக் கேள்வியைக் கேட்காம விடலை. ஐயா பக்கத்துல குனிஞ்சு, என்னைக் காட்டி, இவர் உங்களுக்குத் துணையா இருக்கட்டுமான்னு கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். ஐயா என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கிட்டார். மறுபடி கேட்டதுக்குக் கண்ணை மூடிக்கிட்டார்.

அவர் 'வேண்டாம்'னு எழுதிக்கிட்டார். அட்வகேட் வேணும்னு விண்ணப்பம் போச்சு.

பஸ் ஸ்டாப்புல நின்னப்போ தொண்டை அடைச்சது. பால் வாங்கிக் குடுத்தவன், பனியில பாதை தள்ளிவிட்டவன், அஞ்சு வாரமா தினம் வந்தவன். நான் வேணாமாம்.

நிற்க.

அடுத்த வாரம் அந்த அம்மா வந்தாங்க. ஐம்பது வயசு இருக்கும், இங்கிலீஷ்காரங்க. ஒரு தொண்டு அமைப்புல வேலை. அந்த அமைப்புக்குக் காசு கவுன்சில்தான் தருது. ஆனா இவங்க கவுன்சில் ஊழியர் இல்லை, கவுன்சில் சொல்றதைச் செய்ய மாட்டாங்க. தேவைப்பட்டா கவுன்சில் முடிவையே எதிர்த்து எழுதுவாங்க. நான் வராந்தாவுல மடக்கி, ஐயாவோட சரித்திரத்தை ஆரம்பிச்சேன். கையைக் காட்டி நிறுத்தினாங்க. முதல்ல அவரைப் பார்க்கிறேன், அவர் சரின்னா உங்ககிட்ட கேட்கிறேன்னாங்க. எனக்கு மூஞ்சி செத்துப் போச்சு.

மறுநாள் மதியம் ஆபீஸ்ல பில்டு உடைஞ்சு ஆளாளுக்குக் கத்திக்கிட்டு இருந்த நேரம், அவங்ககிட்ட இருந்து போன். ஐயா சம்மதத்தோடதான் பேசறேன், ஒரே ஒரு கேள்வின்னாங்க.

"அவரோட சாவி உங்ககிட்ட இருக்கா?"

எனக்குப் புரியலை. ஆம்புலன்ஸ் வந்த அன்னிக்கு நான்தான் பூட்டினேன், ஏன்னு கேட்டேன். இன்னிக்குக் காலையில யாழ்ப்பாணத்துல பிறந்த ஒரு மொழிபெயர்ப்பாளரோட போனேன், போன அஞ்சு நிமிஷத்துல அவர் சாவியைக் கேட்கிறார்னு தெரிஞ்சதுன்னாங்க. திறப்புன்னா சாவி.

திறப்புன்னா சாவி.

ஜாக்கெட் பாக்கெட்டுல கையை விட்டேன். இருந்தது. சின்ன பிளாஸ்டிக் வேல் தொங்குற வளையம், ரெண்டு சாவி. அந்த மீட்டிங் அன்னிக்கும் இதே ஜாக்கெட்தான். நான் நின்னது கதவோரம். அவர் கையை நீட்டினது கதவைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. என் சாவியைக் குடுடான்னு கேட்டிருக்கார். நான் அதைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டே, இவர் குழம்பிப் போயிருக்கார்னு இங்கிலீஷ்ல சாட்சி சொல்லியிருக்கேன்.

அவர் இடத்துல இருந்து பாருங்க. வாய் வரலை. அஞ்சு வாரமா வீட்டுச் சாவி அடுத்த வீட்டுப் பையன்கிட்ட. அவன் அதிகாரிங்க நடுவுல நின்னு என்னமோ பேசறான், எல்லாரும் எழுதிக்கிறாங்க. இங்கே கேர் ஹோம்னா இலவசம் இல்லை. ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குக் காசில்லை, ஆனா பராமரிப்புக்கு வசதி பார்த்துத்தான் கவுன்சில் உதவும். 2010ல இருந்து இங்கிலாந்துல அந்த வரம்பு 23,250 பவுண்டு. அதுக்கு மேல சொத்து இருந்தா முழுச் செலவும் நம்மது. நிரந்தரமா கேர் ஹோமுக்குப் போனா, வீட்டுல துணைவர் மாதிரி யாரும் இல்லாத பட்சத்துல, வீட்டோட மதிப்பையும் கணக்குல சேர்ப்பாங்க. ராத்திரி ஷிப்ட் பார்த்து வாங்கின வீடு. அவருக்கு அது தெரிஞ்சே இருந்தது.

ஆக, இந்தப் பையன் எனக்காகப் பேச வேண்டாம்னு அவர் முகத்தைத் திருப்பிக்கிட்டாரே, அந்த ரூம்ல அன்னிக்கு எடுக்கப்பட்ட தெளிவான முடிவு அது ஒண்ணுதான்.

குழம்பிப் போயிருக்கார்ங்கிற சொல்லை நான் ஏன் இவ்வளவு பெரிசா எடுத்துக்கிறேன்னா, அந்தச் சொல்லை வெச்சு ஒரு மனுஷனோட மிச்ச வாழ்க்கையையே மாத்தலாம். இதுக்கு இந்த நாட்டுல பெரிய கதை உண்டு. பேச முடியாத, ஆட்டிசம் உள்ள ஒருத்தர். கோர்ட் ஆவணத்துல ஹெச்.எல். அவ்வளவுதான் பேர். முப்பது வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரியில இருந்துட்டு, 1994ல ஒரு தம்பதியோட வீட்டுக்குப் போய்ச் சந்தோஷமா இருந்தவர். 1997 ஜூலையில பகல்நேர மையத்துல பதட்டமாயிட்டார்னு போர்ன்வுட் ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க. அவர் எதிர்ப்பு காட்டலை, அதனால சம்மதம்னு எடுத்துக்கிட்டு அடைச்சு வெச்சாங்க. கவனிச்சுக்கிட்ட தம்பதியைப் பார்க்கக்கூட ஆரம்பத்துல விடலை. அவர் டிசம்பர்ல வீட்டுக்குத் திரும்பிட்டார், ஆனா வழக்கு ஓடிச்சு. உள்நாட்டுல கடைசி வரைக்கும் போய்த் தோத்து, 2004ல ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்தான் இது தப்புன்னு தீர்ப்பு சொன்னது. வாயைத் திறக்கலைன்னா சம்மதம்னு அர்த்தமில்லை. இவ்வளவு சின்ன உண்மைக்கு ஏழு வருஷம்.

அடுத்து வந்த 2005 மனத்திறன் சட்டத்தோட கொள்கைகள்ல மூணு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சு. முடியாதுன்னு நிரூபிக்கிற வரைக்கும் ஒருத்தரால முடிவெடுக்க முடியும்னுதான் எடுத்துக்கணும். முடியாதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, உதவி பண்ணக்கூடிய எல்லா வழியையும் பண்ணிப் பார்த்திருக்கணும். அப்புறம், ஒரு முடிவு புத்திசாலித்தனமா இல்லைங்கிறதுக்காக, முடிவெடுக்கிற திறனே இல்லைன்னு சொல்லக்கூடாது. இதே சட்டத்துலதான், முடிவெடுக்க முடியாத, சொந்தபந்தமும் இல்லாத ஒருத்தரை நீண்ட நாளுக்கு வேற இடத்துக்கு மாத்தும்போதும், பெரிய வைத்தியம் பண்ணும்போதும் தனியா ஒரு அட்வகேட் வரணும்னு வெச்சாங்க. 2007ல இருந்து இருக்கு. ஐயாவுக்கு முடிவெடுக்க முடியும், சொல்லத்தான் வழி வேணும். அதனால அவருக்கு கேர் ஆக்ட் அட்வகேட்.

அந்த அம்மா மூணு தடவை வந்தாங்க. மூணும் காலையில. ஏன்னா சாயங்காலம் ஐயா களைச்சுப் போயிடுவார். மூணாவது தடவை, நானும் உட்காரலாம்னு ஐயா தலையாட்டினார். உள்ளே போனதும் முதல் வேலையா சாவியை அவர் இடது கையில வெச்சேன். அவர் வேலைத் தடவிப் பார்த்துட்டு, பைஜாமா பாக்கெட்டுல போட்டுக்கிட்டு, "ஓம்" என்றார். ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கலை. நமக்கு எவ்வளவு கஷ்டமான காரியம்னு உங்களுக்கே தெரியும் :-)

ஒரு பாயை விரிச்சாங்க. டாக்கிங் மேட்ஸ்னு பேர், ஸ்காட்லாந்துல ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்துல உருவானது. மேலே மூணு அடையாளம். பிடிக்கும், தெரியலை, பிடிக்காது. படம் போட்ட அட்டைகளை ஒவ்வொண்ணா கையில குடுக்க, அவர் எதுக்குக் கீழ வேணுமோ அங்கே வைப்பார். வீடு - பிடிக்கும். கேர் ஹோம் - பிடிக்காது. இதுவரைக்கும் நான் எதிர்பார்த்ததுதான். சமையல் - பிடிக்காது! ஆளுங்க வந்து சாப்பாடு தர்றது - பிடிக்கும். குளிப்பாட்டி விடறது - முதல்ல பிடிக்காது. ஆம்பிளை வந்து குளிப்பாட்டினா? அட்டையை எடுத்து நடுவுல வெச்சார். மாடிப்படி அட்டையை ரொம்ப நேரம் கையிலயே வெச்சிருந்துட்டு, பிடிக்காதுல வெச்சார். அதாவது, ஆபத்து என்னன்னு அவருக்கு எங்க எல்லாரையும் விட நல்லாவே தெரியும்.

பொட்டி தட்டுறவன் புத்தி எங்கே போகும்? யூசர்கிட்ட ஒரு வார்த்தை கேட்காம, பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட ரிக்வயர்மென்ட் வாங்கி எழுதின ப்ராஜெக்ட் எப்படி ஊத்திக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்தப் பக்கத்து சீட்டுக்காரனா நானே இருந்திருக்கேன்.

வெளியே வந்ததும் கேட்டேன், அப்போ அவரை வீட்டுக்கு அனுப்பறதுதான் நல்லதுன்னு நீங்களும் நினைக்கிறீங்களா? அதைச் சொல்றது என் வேலை இல்லைன்னாங்க. கேர் ஹோம் வேணும்னு அவர் சொல்லியிருந்தா, அதுக்கும் இதே அளவு மல்லுக்கட்டுவேன்னாங்க. எனக்கு இதுதான் ஜீரணிக்கக் கஷ்டமா இருந்தது. ஒருத்தர் மேல அக்கறை இருந்தா அவருக்கு எது நல்லதுன்னு நமக்கு ஒரு கருத்து இருக்கணும்னு வளர்ந்தவங்க நாம. கருத்தைக் கழட்டி வெச்சுட்டு அக்கறையை மட்டும் எடுத்துக்கிட்டு உள்ளே போறது ஒரு தனி வித்தை.

அடுத்த மீட்டிங்குல அந்த அம்மா ஐயாவோட விருப்பத்தை எழுத்துல வெச்சாங்க. பக்கத்துல அதே மொழிபெயர்ப்பாளர். படி பிரச்னைக்குக் கட்டிலைக் கீழ இறக்கினா? குளியலுக்கு ஆண் பணியாளர்? நாளைக்கு நாலு வேளை ஆள்? தெரபிஸ்டும் சளைக்காம கேள்வி கேட்டார், கேட்கவும் வேணும். கடைசியில வீடுன்னு முடிவாச்சு. ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் பழைய நிலைக்குத் தேத்தறதுக்கான உதவி ஆறு வாரம் வரைக்கும் காசில்லாம கிடைக்கும்னு விதி. அதுல ஆரம்பிக்கலாம்னாங்க.

மறுபடி சாவியிலதான் முட்டிக்கிச்சு. பணியாளர்கள் உள்ளே வர, வாசல் சுவத்துல நம்பர் போட்டுத் திறக்கிற ஒரு சின்னப் பெட்டி வெச்சு, அதுல சாவியை வைப்பாங்க. இங்கே வழக்கம் அது. ஐயா பாக்கெட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டார். கால் மணி நேரம் போச்சு. பெட்டியில இருக்கிறது நகல் சாவி, மூலச் சாவி உங்ககிட்டயே, நம்பர் யார் யாருக்குத் தெரியும்னு ஒரு பட்டியல் உங்க கையில இருக்கும்னு அந்த அம்மா பேசி வாங்கினாங்க. சரின்னார். பட்டியல்ல என் பேரைச் சேர்க்கலாமான்னு கேட்டாங்க. என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் தலையாட்டினார். எனக்கு வேலை கிடைச்சப்போ கூட அவ்வளவு சந்தோஷப்படலைங்க.

இதோட சுபம் போட்டா நல்லாத்தான் இருக்கும். ஆனா 2024 பிப்ரவரியில ஒரு ராத்திரி மூணு மணிக்கு ஐயா விழுந்துட்டார். காலையில ஏழு மணிக்குப் பணியாளர் வர்ற வரைக்கும் தரையிலயே கிடந்திருக்கார். அழுத்தினா ஆளைக் கூப்பிடற பதக்கம் ஆணியில தொங்கிக்கிட்டு இருந்தது, கழுத்துல இல்லை. சுவத்துல தட்டினாராம். நான் ஹெட்போன் மாட்டிக்கிட்டு ரிலீஸ் வேலை பார்த்துக்கிட்டு இருந்தேன். கேட்கலை.

எலும்பு எதுவும் உடையலை. திட்டத்தை மறுபடி பரிசீலிக்க மீட்டிங் போட்டாங்க, அதே அம்மா திரும்ப வந்தாங்க, திரும்பப் பாயை விரிச்சாங்க. ஐயா வீட்டு அட்டையை அதே இடத்துல வெச்சார். பதக்கத்தை ராத்திரிக்கு மட்டும் போட்டுக்கிறேன்னு ஒத்துக்கிட்டார். அவர் முடிவு சரியான்னு எனக்கு இன்னும் தெரியாது. சில ராத்திரி தூக்கம் வராம, சுவத்துல காதை வெச்சுப் படுத்திருக்கேன். ஆனா தப்போ சரியோ, அது அவரோடது.

பேச்சுப் பயிற்சியில இப்போ வாக்கியங்கள் வந்துடுச்சு. ஒரு நாள் தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே மெதுவாச் சொன்னார். "தம்பி, நீர் என்ர திறப்பைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு அவையளோட இங்கிலீசில கதைச்சனீர். நான் என்னெண்டு நினைக்கிறது?" மன்னிச்சிடுங்க ஐயான்னேன். "ஓம்" என்றார்.

கொஞ்சம் கொசுவத்தி. எங்க ஆச்சி இடுப்புல எப்பவும் ஒரு சாவிக்கொத்து இருக்கும். அரிசிக் குதிர், பீரோ, பூஜை அறை, எல்லாம். நடந்தா சத்தம் வரும். தாத்தா போனதும் அப்பாவும் பெரியப்பாவும் சித்தப்பாவும் கூடிப் பேசி, ஆளுக்கு நாலு மாசம் வெச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணினாங்க. வீட்டைப் பூட்டி, சாவிக்கொத்தை அப்பா வாங்கிக்கிட்டார். நான் அப்போ எட்டாவது. ஆச்சியோட டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் காருல வெச்சது நான்தான். மூணு பிள்ளைகளும் அவங்க மேல உசிரையே வெச்சிருந்தாங்க. அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அன்னிக்குக் கூடத்துல இருந்த பத்துப் பேர்ல, உனக்கு எங்கே இருக்கணும்னு ஆச்சியை ஒருத்தர்கூடக் கேட்கலை. கார்ல போறப்போ அவங்க கை அடிக்கடி இடுப்புக்குப் போய்ப் போய் வந்தது. இப்போதான் அது ஞாபகத்துக்கு வருது.

சட்டம் இருக்குங்கிறதால எல்லாருக்கும் ஆள் தானா வந்துடாது. யாராவது ஒருத்தர் கேட்டாத்தான் நடக்கும். அதனால இந்த ஊர்ல இருக்கிற பதிவர்களுக்கு ரெண்டே விஷயம். உங்க அப்பா அம்மாவுக்கோ, பக்கத்து வீட்டுக்காரருக்கோ இப்படி ஒரு நிலைமை வந்து, நீங்க தமிழ்தானே, சொல்லுங்கன்னு கேட்டா, மொழிபெயர்ப்பாளர் வர்ற வரைக்கும் காத்திருக்கலாமேன்னு சொல்லுங்க. அவங்க எந்த ஊர்த் தமிழ்னும் சேர்த்துச் சொல்லுங்க. துணையா இருக்க முடியுமான்னு கேட்டா, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி, நான் அவர் சொல்றதைச் சொல்வேனா, நான் நினைக்கிறதைச் சொல்வேனான்னு ஒரு நிமிஷம் யோசிங்க. ரெண்டாவதுன்னா, இன்டிபென்டன்ட் அட்வகேட் வேணும்னு கேளுங்க. வேல்ஸுக்கும் ஸ்காட்லாந்துக்கும் சட்டம் வேற.

டிஸ்கி: பதிவை எழுதி முடிச்சு ஐயாவுக்கு முழுசா வாசிச்சுக் காட்டினேன். ஹெட்போன் பத்தி எழுதின இடத்துல மட்டும் நிறுத்தச் சொல்லி, அதை எடுத்துடச் சொன்னார். எனக்காகப் பார்த்திருக்கார். அது என் முடிவு ஐயா, இருக்கட்டும்னேன். சிரிச்சார்.